அரீஜ் எண்ணிய எழுபத்தொன்று

அத்தியாயம் 14

கடலோர ஊரான குர்புஸுக்கு வந்து இரண்டாவது நாள் காலையிலும் சுந்துஸ் கணவனோடு பேசவில்லை.

காரணம் ஒரு மாத்திரை அட்டை. முந்தின நாள் மாலை, பற்பசை தேடி நாத்தனார் நஸீஹாவின் பையைத் திறந்தபோது அது கையில் அகப்பட்டது. பாதி தீர்ந்த அட்டை. உறையின் மேல் கணவன் முன்ஜியின் பெயர் பேனாவால் எழுதியிருந்தது. "என்னடி இது?" என்று கேட்டதற்கு, "சத்து மாத்திரை அண்ணி" என்றாள் நஸீஹா. அவள் கிளினிக்கில் நர்ஸ். எல்லாவற்றையும் சிரித்தபடியே சமாளிக்கிறவள்தான். ஆனால் பொய் சொன்னால் கழுத்து சிவந்துவிடும். நேற்றும் சிவந்தது.

அண்ணனுடைய சத்து மாத்திரைக்குத் தங்கையின் பையில் என்ன வேலை?

குளிர்காலம் தொடங்கியதிலிருந்தே முன்ஜி சரியில்லை. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான். போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்த் தங்கையோடு கிசுகிசுப்பான். வேறு ஒருத்தி இருக்கிறாளோ என்றுகூட சுந்துஸ் நினைத்ததுண்டு. பென் அரூஸில் ஒரு தையல் ஆலையில் நாள் முழுக்கச் சட்டைக் காலர் தைக்கிறவள் அவள். கை தானாக ஓடும்; மனதுக்கு வேறு வேலை கிடையாது.

இந்தச் சுற்றுலாவும் மூன்று வருஷமாகத் தள்ளிப்போய்க்கொண்டே வந்ததுதான். வசந்த விடுமுறைக்குப் பள்ளிக்கூடம் மூடும்போதெல்லாம் பிள்ளைகள் கேட்பார்கள். முன்ஜி "அடுத்த தடவை" என்பான். லுவாஜ் ஓட்டுகிறவனுக்கு விடுமுறையில்தான் சவாரி அதிகம். எட்டுப் பேர் ஏறினால் வண்டி கிளம்பும், ஊருக்கு ஊர் ஓடும். இந்த வருஷம் அவனே, "வாங்க, நாலு நாள் போவோம்" என்றான். அவனுடைய வண்டியிலேயே வந்தார்கள்; வீட்டிலிருந்து ஒரு மணி நேரம்தான். மீன் கடைக்கு மேலே இரண்டு அறை எடுத்திருந்தார்கள்.

ஏழு வயது அரீஜுக்கும் நாலு வயது இயாதுக்கும் அதுவே சொர்க்கம்.

"அம்மா, மலைக்குள்ள யாரு அடுப்பு எரிக்கிறாங்க?" என்று கேட்டான் இயாத். வெந்நீர் ஊற்றுக்கு இறங்கும் படிகளில் அவன் முன்ஜியின் தோளில் இருந்தான்.

"உன் அத்தைதான்" என்றான் முன்ஜி. "டீ வைக்கிறேன்னு வச்சுட்டு மறந்துட்டா. அன்னிலேருந்து கொதிக்குது."

நஸீஹா சிரித்தாள். சுந்துஸ் சிரிக்கவில்லை.

"அண்ணி, இங்கே வந்தும் மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கணுமா?"

"என் மூஞ்சி. எங்க வேணா வச்சிக்கிறேன்."

பாறையிலிருந்து ஆவி பறக்கக் கொட்டும் தண்ணீர், நேராகக் கடலில் விழுந்து கலக்கும் இடம் அது. மார்ச் மாதக் கடல் பனிக்கட்டிபோல இருக்கும். ஊற்று நீரோ தோலை உரிக்கும். இரண்டும் கலக்கும் அந்தச் சின்ன வட்டத்தில்தான் ஆட்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார்கள். அன்றைக்கும் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். பெரிய தொப்பையோடு ஒருவர் கழுத்து வரை முங்கி உட்கார்ந்துகொண்டு எல்லோருக்கும் வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி, வாங்க. இந்தத் தண்ணியில முட்டிவலி போகும், முதுகுவலி போகும். மாமியார் மட்டும்தான் போகமாட்டா. நான் இருபது வருஷமா முயற்சி பண்றேன்!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். முன்ஜி இயாதை மார்போடு அணைத்தபடி இடுப்பளவு தண்ணீரில் இறங்கினான். சுந்துஸ் பாவாடை விளிம்பு நனையக் கடைசிப் படியில் நின்றாள். அரீஜ் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து, டின் மீனும் ஹரிஸ்ஸா மிளகாய் விழுதும் வைத்த ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. இயாத் தண்ணீரைக் கையால் அடித்து, தகப்பன் முகத்தில் தெளித்துச் சிரித்தான்.

திடீரென்று அரீஜ் கத்தினாள்.

"அம்மா, தம்பியை வாங்கு! தம்பியை வாங்கு!"

சுந்துஸ் திரும்பிப் பார்த்தாள். "என்னடி? ஏன் இப்படிக் கத்தறே?"

"வாங்கும்மா! அப்பாகிட்டேருந்து வாங்கு!"

முன்ஜி நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தான். முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. உதட்டின் ஒரு ஓரம் மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது. பொறாமை, தம்பியைத் தூக்கினால் அரீஜுக்குப் பொறுக்காது என்றுதான் சுந்துஸுக்குத் தோன்றியது. பிறகு எத்தனையோ தடவை அவள் நினைத்துப் பார்த்த இரண்டு விநாடிகள் அவை.

முன்ஜி மரம் சாய்வதுபோல் பின்பக்கமாகச் சாய்ந்தான். பிள்ளையோடு.

ஆவியும் நுரையும் அவர்களை மூடின. சுந்துஸ் தண்ணீரில் பாய்ந்தாள். பாறை இடுக்கில் அவன் விழுந்திருந்தான். அவள் கைக்கு முதலில் பட்டது இயாதின் கால். பிடித்து இழுத்தாள். வரவில்லை. முன்ஜியின் கை பிள்ளையைச் சுற்றி இரும்பாக இறுகியிருந்தது. தொப்பைக்காரர் பாய்ந்து வந்தார். இன்னொருவர் வந்தார். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தார்கள். பிரியவில்லை. உடம்பு முழுக்க உதறியது, பாசி வழுக்கியது, தூக்கத் தூக்க இருவரும் மறுபடி உள்ளே போனார்கள்.

"விடு! முன்ஜி, விடு அவனை!"

அந்தக் கூச்சலுக்கு நடுவே படியிலிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது. அழுகையில் உடைந்து உடைந்து வந்த குரல். நாற்பத்தொன்பது, ஐம்பது, ஐம்பத்தொன்று.

எண்ணிக்கை எழுபதைத் தொட்டபோதுதான் கை தளர்ந்தது. தொப்பைக்காரர் பிள்ளையை உருவி எடுத்தார். உதடுகள் நீலம் பாரித்திருந்தன. தலை தொங்கியது.

நஸீஹா அவனைப் படியில் கிடத்தி, வாயோடு வாய் வைத்து ஊதினாள். நெஞ்சை அழுத்தினாள். மறுபடி ஊதினாள். அந்த நேரத்தில் சுந்துஸ் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை.  ஈரச் சட்டையின் பொத்தான் ஒன்று கழன்றிருப்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இயாத் ஒரு வாய் கடல்நீரைக் கக்கினான். பிறகு இன்னொரு வாய். பிறகு பூனைக்குட்டி மாதிரி அழுதான்.

"கார் மேலே நிக்குது, தூக்குங்க!" என்றார் தொப்பைக்காரர்.

முன்ஜியை யாரோ பாறையில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். வாயோரம் ரத்தம். கண் திறந்திருந்தது, யாரையும் பார்க்கவில்லை. சுந்துஸ் அவனைத் தாண்டிக்கொண்டு ஓடினாள்.

~

தொப்பைக்காரர் காரை ஓட்ட, மலைப்பாதை வளைந்து வளைந்து இறங்கியது. துண்டில் சுற்றிய பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நஸீஹா பின்சீட்டில் இருந்தாள். ஒரு விரல் அவன் கழுத்து நாடியிலேயே இருந்தது. பக்கத்தில் சுந்துஸ். ஓரத்தில் அரீஜ்.

பாதி தூரம் போனபிறகு சுந்துஸ் கேட்டாள்.

"அரீஜ். அப்பா விழறதுக்கு முன்னாடியே கத்தினியே. உனக்கு எப்படித் தெரியும்?"

அரீஜ் அத்தையைப் பார்த்தாள்.

சுந்துஸும் பார்த்தாள். நஸீஹாவின் கழுத்து காதுவரை சிவந்திருந்தது.

கீழே டவுன் மருத்துவமனையில் இயாதை வாங்கி உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். கதவு மூடியது. தொப்பைக்காரர் தன் கம்பளிக் கோட்டை சுந்துஸின் தோளில் போட்டுவிட்டு, அரீஜுக்குப் பால் வாங்கித் தருகிறேன் என்று கூட்டிப்போனார்.

"இப்ப சொல்லு" என்றாள் சுந்துஸ்.

நஸீஹா சுவரில் சாய்ந்தாள்.

"வலிப்பு, அண்ணி. எட்டு மாசமாச்சு."

"எட்டு மாசம்."

"பக்கத்து ஊர்ல ஒரு டாக்டர்கிட்ட நான்தான் கூட்டிட்டுப் போனேன். மாத்திரையும் நான்தான் வாங்கித் தரேன். தினம் ரெண்டு வேளை போட்டா வராதுன்னாரு. போட்டுக்கிட்டுதான் இருந்தான். ஒழுங்கா இருந்தான்."

"ஒழுங்கா இருந்தவன் ஏன் விழுந்தான்?"

நஸீஹா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கேக்கறேன்ல?"

"நேத்து நீங்க அட்டையைப் பாத்துட்டீங்களா... மறுபடி கேப்பீங்கன்னு பயந்து வண்டியில கொண்டுபோய் ஒளிச்சு வச்சேன். நீங்க கூடவே இருந்ததால போய் எடுக்க முடியல, நேத்து ராத்திரி அவன் போடலை. காலைலயும் போடலை. ஒரு நாள்தானேன்னு சொன்னான். நானும் ஒரு நாள்தானேன்னு நெனச்சேன்."

சுந்துஸ் அவளை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நஸீஹாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"என் பிள்ளைங்க அந்த வண்டியில உக்காந்தாங்கடி. எட்டு மாசம். ஊரான் வீட்டுப் பிள்ளைங்களும் உக்காந்தாங்க."

"வெளிய தெரிஞ்சா லைசென்ஸைப் பிடுங்கிடுவாங்க. பதினெட்டு வயசுலேருந்து வண்டி ஓட்டறான். வேற என்ன தெரியும் அவனுக்கு? காலைப் பிடிச்சுக்கிட்டு அழுதான் அண்ணி. அண்ணன் காலைப் பிடிச்சா நான் என்ன பண்ணுவேன்?"

"என்கிட்ட சொல்லியிருக்கணும்."

"நீங்க ஓட்ட விட்டிருக்கமாட்டீங்க."

"ஆமா" என்றாள் சுந்துஸ். "விட்டிருக்கமாட்டேன்."

~

ஒரு மணி நேரம் கழித்து முன்ஜி வந்தான். முழங்கை தேய்ந்து தோல் உரிந்திருந்தது. கடித்த நாக்கு வீங்கியிருந்ததால் பேச்சு குழறியது.

"எப்படி இருக்கான்?"

"எப்படி வந்தே?" என்று கேட்டாள் சுந்துஸ்.

அவன் வலது கையைப் பைக்குள் விட்டான். உள்ளே சாவிகள் உரசும் ஓசை கேட்டது.

"அந்தப் பாதையில. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல். இப்ப விழுந்து எந்திரிச்சவன். நீயே ஓட்டிக்கிட்டு வந்தே."

"பிள்ளையைப் பாக்கணும்னு..."

அதற்குள் கதவு திறந்தது. பெண் டாக்டர் ஒருவர் கையில் காகித அட்டையோடு வந்தார். நடுத்தர வயது, களைத்த முகம்.

"மூச்சு ஓரளவு சீரா இருக்கு. ஆனா நுரையீரல்ல தண்ணி போயிருக்கு. இன்னிக்கும் நாளைக்கும் ஆக்ஸிஜன் வச்சுப் பாக்கணும். காய்ச்சல் வந்தா கொஞ்சம் கவலைதான். மறைக்காம சொல்றேன்." பேனாவை எடுத்தார். "எப்படி நடந்தது?"

"கால் வழுக்கிடுச்சு டாக்டர்" என்றான் முன்ஜி. உடனே சொன்னான். பழகிய வாய்.

நஸீஹா தரையைப் பார்த்தாள். சுந்துஸ் வாய் திறப்பதற்குள் டாக்டர் அடுத்ததைக் கேட்டுவிட்டார்.

"எவ்வளவு நேரம் தண்ணிக்குள்ள இருந்தான்? சுமாராவது சொல்லுங்க. அரை நிமிஷமா? ரெண்டு நிமிஷமா? அதை வச்சுதான் நாங்க முடிவு பண்ணணும்."

பெரியவர்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாருக்கும் தெரியவில்லை.

"எழுபத்தொண்ணு."

பால் டம்ளரைப் பிடித்தபடி அரீஜ் பின்னால் நின்றிருந்தாள்.

டாக்டர் குனிந்தார். "என்னம்மா எழுபத்தொண்ணு?"

"நான் எண்ணினேன். தம்பியை வெளிய எடுக்கும்போது எழுபத்தொண்ணு."

"நீயா எண்ணினே? கெட்டிக்காரி. யாரு சொல்லிக் குடுத்தா?"

அரீஜ் தகப்பனைப் பார்த்தாள். அவன் தலையை மிக லேசாக, யாருக்கும் தெரியாதபடி இடம் வலமாக ஆட்டினான். சுந்துஸுக்குத் தெரிந்தது.

அரீஜ் டம்ளரை இரண்டு கையாலும் இறுக்கினாள். பால் தளும்பிக் கையில் வழிந்தது.

"அப்பாதான்" என்றாள். "அது வந்தா எண்ணணும். தலைக்கடியில தலகாணி வைக்கணும். நூறுக்கு மேல போனா அத்தைக்குப் போன் பண்ணணும். ஆனா தண்ணியில தலகாணி வைக்க முடியல."

 எங்கோ ஒரு தள்ளுவண்டிச் சக்கரம் கிறீச்சிட்டது.

டாக்டர் நிமிர்ந்தார். எழுதியிருந்த வரியை அடித்தார். முன்ஜியிடம் கேட்டார்: "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

அவன் நஸீஹாவைப் பார்த்தான். 

"லுவாஜ் ஓட்டறார்" என்றாள் சுந்துஸ்.

"சுந்துஸ்!"

"எட்டு பேர் உக்கார்ற வண்டி, டாக்டர். தினமும் ஓட்டறார். இன்னிக்கு இங்கே வந்ததும் ஓட்டிக்கிட்டுதான்."

டாக்டர் அவனை ரொம்ப நேரம் பார்த்தார். கோபமாக இல்லை. "நான் இதை எழுதித்தான் ஆகணும். உங்களுக்குப் புரியுதா?"

சுந்துஸ் கணவனின் பைக்குள் கையை விட்டுச் சாவியை எடுத்தாள். அவன் தடுக்கவில்லை. சாவியை நஸீஹாவிடம் கொடுத்தாள்.

~

மதியத் தொழுகை முடிந்து ஆட்கள் தெருவில் கலைந்து போய்க்கொண்டிருந்தார்கள். மர பெஞ்சில் அரீஜ் தாயின் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள். தூங்கவில்லை.

"நான் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருந்தேன்."

"பரவாயில்லை."

"அப்பா இனிமே என்கூடப் பேசுவாரா?"

"பேசுவார்." சுந்துஸ் அவள் முடியைக் கோதினாள். "எத்தனை தடவை வந்துச்சு அரீஜ்?"

"வீட்ல மூணு. நீ வேலைக்குப் போயிருந்தே. வண்டியில ஒரு தடவை. கை அப்படியே ஆடிச்சு. ஓரமா நிறுத்திட்டாரு. அன்னிலேருந்துதான் நான் முன்னாடி உக்காருவேன். பாத்துக்கணும்ல?"

முன்சீட்டுக்காகத் தம்பியோடு அவள் போட்ட சண்டைகள் எத்தனை. ஒருநாள் வாசலில் நின்று அடம்பிடித்தாள் என்று சுந்துஸ் அவள் கன்னத்தில் ஒன்று வைத்ததும் உண்டு. அந்தக் கன்னத்தின் மேல் இப்போது கையை வைத்துக்கொண்டாள். எடுக்க மனம் வரவில்லை.

பிள்ளை கண்ணயர்ந்ததும் நஸீஹாவிடம் விட்டுவிட்டு வெளியே வந்தாள். முற்றத்தில் ஒரு ஆரஞ்சு மரம் பூத்திருந்தது. அதன் அடியில், சிமெண்ட் விளிம்பில் முன்ஜி உட்கார்ந்திருந்தான். வெயில் சாயத் தொடங்கியிருந்தது.

அவள் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள்.

"ஏழு வயசுப் பிள்ளை" என்றாள். "ராத்திரி எழுந்து வந்து உன் பக்கத்துல நிப்பா. கனவு கண்டு பயந்துட்டான்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் இருந்தியா?"

அவன் முகத்தை மூடிக்கொண்டான். பிறகு அவன் பேசத் தொடங்கியபோது குரல் வேறு மாதிரி இருந்தது.

"இன்னொண்ணு இருக்கு, சுந்துஸ்."

அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"நவம்பர்ல. மோட்டார்சைக்கிள்காரன் ஒருத்தன் என் வண்டியில மோதினானே."

அவளுக்கு ஞாபகம் இருந்தது. இருட்டில் விளக்கில்லாமல் குறுக்கே வந்தான், அந்த இடத்திலேயே போய்விட்டான் என்று முன்ஜி சொன்னான். திரும்பி வரும் காலி வண்டி. வேறு சாட்சி இல்லை. போலீஸும் அப்படியே எழுதிக்கொண்டது. அவளும் ஒரு வாரம் அவனுக்குப் பக்குவமாகச் சமைத்துப்போட்டு, தலையைத் தடவிக் கொடுத்துத் தேற்றினாள்.

"அவன் விளக்குப் போட்டிருந்தானா இல்லையான்னு எனக்குத் தெரியாது. குறுக்கே வந்தானான்னும் தெரியாது. எனக்கு ஒண்ணுமே தெரியாது. பெட்ரோல் பங்க்கைத் தாண்டினது ஞாபகம் இருக்கு. அப்புறம் கண்ணைத் திறந்தா வண்டி பள்ளத்துல நிக்குது, ரோட்ல அவன் கிடக்கறான். போலீஸ்காரன்தான் 'விளக்கில்லாம வந்தானா?'ன்னு கேட்டான். ஆமான்னேன்."

அவள் திரும்பி மருத்துவமனைக் கதவைப் பார்த்தாள்.

"நஸீஹாவுக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. அல்லாஹ்வுக்கு அப்புறம் உனக்குத்தான். இது நம்ம ரெண்டு பேருக்குள்ள..."

"அரீஜ்கிட்டயும் இப்படித்தான் சொன்னியா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அவன் பேரு என்ன?" என்றாள் சுந்துஸ்.

"யாரு?"

"செத்தவன்."

"ஹம்தி. இருபத்தாறு வயசு. அவங்க அம்மா போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல உக்காந்து, என் பிள்ளை விளக்கில்லாம போகமாட்டான், போகமாட்டான்னு கத்திக்கிட்டிருந்தாங்க. யாரும் கேக்கல."

சுந்துஸ் எழுந்தாள்.  மரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் இதை வச்சுக்கமாட்டேன் முன்ஜி. பிள்ளையால முடிஞ்சது. என்னால முடியாது. இயாதுக்குப் பயமில்லைன்னு டாக்டர் சொன்ன அன்னிக்கு நான் அந்தம்மா வீட்டுக்குப் போவேன். அதுக்கு முன்னாடி நீ போலீஸுக்குப் போகணும். போவியா மாட்டியா, அது உன் பாடு."

"என்னை உள்ளே வச்சிடுவாங்க."

"வைக்கட்டும்."

"பிள்ளைங்க?"

"பிள்ளைங்களை நெனச்சுதானே இவ்வளவும் பண்ணினேன்னு சொல்லப்போறே. சொல்லாதே. கேக்க முடியாது என்னால."

அவன் தோளிரண்டும் குலுங்க அழுதான். பதினொரு வருஷத்தில் அவன் அழுது அவள் பார்த்ததில்லை. பக்கத்தில் போகவேண்டும்போல் இருந்தது. போகவில்லை.

கதவருகே நர்ஸ் ஒருத்தி வந்து எட்டிப் பார்த்தாள்.

"இயாத் அப்பா யாரு? பையன் முழிச்சிட்டான். அப்பா எங்கே, அப்பா எங்கேன்னு கேட்டு முகமூடியைப் பிடுங்கறான். கொஞ்சம் வாங்க."

முன்ஜி முகத்தைச் சட்டையால் துடைத்துக்கொண்டு எழுந்தான். இரண்டடி வைத்தவன் நின்று சுந்துஸைப் பார்த்தான். போகலாமா என்று கேட்கிற பார்வை.

"போ" என்றாள் அவள். "பாத்துட்டு வா. ஆனா தூக்காதே."

அவன் தலையாட்டினான். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மகன் இருந்த அறைக்குள் போனான்.